பழவேற்காட்டு வெயிலுக்கு எந்த ஆயில்

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் பூநாரை பார்க்கப் போவார்கள். இல்லையென்றால் நண்டு தின்னப் போவார்கள். நான் பத்து மாதமாக ஓடாமல் கிடக்கும் ஒரு படகு இன்ஜினைப் பிரித்துப் பார்க்கப் போனேன்.

நான் கரூர்க்காரன். இருபத்திரண்டு வருடமாக மஸ்கட்டில் ஒரு வண்டிப் பட்டறையில் ஃபோர்மேன். ஏழுமலை அங்கே என்னிடம் ஆறு வருடமாக வேலை செய்கிறான். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற ஒரு குப்பம் அவன் ஊர். அவனுடைய அண்ணன் எத்திராஜ், ஃபைபர் படகு வைத்துக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். போன வருடம் சித்திரையில், மதியச் சாப்பாட்டின்போது ஏழுமலை கேட்டான்.

"அண்ணே, எங்க அண்ணன் போட் இன்ஜின் ரொம்ப சூடாவுதாம். நம்ம ஊரு வெயிலுக்கு இன்னா ஆயில் ஊத்தறதுன்னு உங்களாண்ட கேக்கச் சொன்னாரு."

எண்ணெயைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் எனக்கு வாய் நிற்காது. டப்பாவில் இரண்டு எண் போட்டிருக்கும், முதல் எண் குளிருக்கு, அது எக்கேடு கெட்டால் நமக்கென்ன, இரண்டாவது எண்தான் சூட்டில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்று சொல்வது என்று ஆரம்பித்தேன். வெயில் ஊர் என்றதும் கடையில் இருப்பதிலேயே கெட்டியானதை வாங்கி ஊற்றுகிற ஆட்கள் உண்டு. அது இண்டு இடுக்கெல்லாம் போய்ச் சேராது. ரொம்ப இளகியதை ஊற்றினால் சூட்டில் தண்ணீராகிவிடும், இரும்பும் இரும்பும் உரசும். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் தீர்ப்பும் சொன்னேன்.

"டீசல் இன்ஜினுக்குன்னு போட்ட பதினஞ்சு நாப்பது வாங்கச் சொல்லு. பழசைச் சுத்தமா வடிச்சுப் போட்டு ஊத்தச் சொல்லு. பழசோட கலக்கவே கூடாது, ஆமா."

சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டேன். இன்ஜின் எத்தனை வருடம் ஓடியது என்றுகூடக் கேட்கவில்லை.

ஆனி மாதம் எத்திராஜ் கடலிலிருந்து திரும்பும்போது, ஏரியும் கடலும் சேருகிற முகத்துவாரத்தில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. நின்ற படகை அலை பக்கவாட்டில் அடித்துக் கவிழ்த்தது. கூடப் போயிருந்த கோதண்டம் என்பவர் நீந்திக் கரை சேர்ந்தார். எத்திராஜின் உடல் மறுநாள்தான் ஒதுங்கியது.

டிக்கெட் போடுகிறேன், கிளம்பு என்று ஏழுமலையிடம் சொன்னேன். "நான் சொன்ன ஆயில்ணே அது. அண்ணி மூஞ்சில எப்டி முழிப்பேன்" என்றான். போகவே இல்லை. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, பார்வையில்கூட ஒரு குற்றம் இல்லை. நான் சொன்னதை அவன் தான் சொன்னதாகவே எடுத்துக்கொண்டு விட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏழு வருடம் ஓடித் தேய்ந்த இன்ஜின் அது என்று பிறகு தெரிந்தது. தேய்ந்ததற்கு இன்னும் கெட்டியான இருபது ஐம்பது அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? என் எண்ணெய்தான் அந்த மனுஷனைக் கொன்றதா? பத்து மாதம் இதே அரிப்பு.

இந்த லீவில் கரூரில் நான்கு நாள் இருந்துவிட்டு, ஏழுமலை கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழம், கோடாலித் தைலம், ஒரு பெரிய போர்வை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். சித்திரை வெயிலில் போர்வை. கல்ஃபில் இருக்கிறவனுக்குக் கொடுத்தனுப்ப வேறு ஒன்றும் தோன்றாது போல.

கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் மீஞ்சூரில் அரை மணி நேரம் நின்றது. எதிர் சீட்டு அம்மா விசிறிக்கொண்டே, "சரக்கு வண்டிக்கு வழி வுட்டுட்டு நம்மள இங்க காய வெக்கறான் பாரு" என்றார். பொன்னேரியில் இறங்கியபோது பஸ் போய்விட்டிருந்தது. ஷேர் ஆட்டோவில் ஏறினேன். என்னோடு காலி மீன் கூடைகளும் அவற்றுக்குச் சொந்தக்காரியான ஓர் அம்மாளும். என் மடியில் போர்வை, போர்வையின் மேல் ஒரு கூடை.

பாதி வழியில் ஆட்டோ கடகடவென்று ஒரு சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தை நான் தூக்கத்திலும் கண்டுபிடிப்பேன். நிறுத்தச் சொன்னேன்.

"ஆயில் எப்பப்பா பார்த்தே?"

"லைட்டு எரிஞ்சா ஊத்துவேன் சார்."

"எரியுதா?"

"லைட்டே பூட்ச்சு சார், ரெண்டு மாசம் ஆவுது."

மீன்கார அம்மாள் சிரித்தார். "இவன் வண்டில ஏர்றதுக்கு நடந்தே போய்க்கலாம்னு நான் டெய்லி நெனைக்கறது. டெய்லி ஏறிக்கறேன்."

கொஞ்ச தூரத்தில் ஒரு பஞ்சர் கடை இருந்தது. கடைக்காரர் தண்ணீர் பாட்டிலில் மிச்சம் பிடித்து வைத்திருந்த எண்ணெயைக் கொண்டுவந்தார். என்ன நம்பர் என்று கேட்டேன். "நம்பரெல்லாம் தெரியாது சார், ஆயிலு" என்றார். ஆட்டோக்காரர் தயங்கினார். நான் பாட்டிலை வாங்கி நானே ஊற்றினேன். "வறண்டு ஓடறதுக்கு எது வேணா பரவாயில்லப்பா" என்றேன். சத்தம் அடங்கியது. பழவேற்காடு கடைத்தெரு வரைக்கும் முனகாமல் வந்தது. ஆட்டோக்காரர் என்னிடம் காசு வாங்கமாட்டேன் என்று அடம்பிடித்தார். எனக்கும் உள்ளூர ஒரு பெருமைதான்.

கடைத்தெருவில் ஒரு பாய் கடையில் டீ குடித்தேன். மஸ்கட்டில் மத்ரா கடற்கரையோரம் இதே மாதிரி டீ, இதே மாதிரி மீன் வாடை. அங்கே தரை வழவழவென்று இருக்கும், கால் வைக்கவே கூச்சமாக இருக்கும். இங்கே அந்தக் கூச்சம் தேவையில்லை. பாய் என் மூட்டையைப் பார்த்துவிட்டு யார் வீட்டுக்கு என்று கேட்டார். சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டிருந்தவர் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, "நல்ல மனுசன்" என்றார்.

குப்பத்துக்குப் படகில்தான் போனேன். ஏரி என்கிறார்கள், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கிறது. எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்றால் காவிரியில் வந்தால் உண்டு, இல்லையென்றால் மணல். இங்கே கண்ணுக்கு எட்டின வரை தண்ணீர், ஆனால் முழங்கால் ஆழம். படகுக்காரர் அடிக்கொரு தரம் இன்ஜினின் நீளத் தண்டைத் தூக்கித் தூக்கி மண்ணில் படாமல் ஓட்டினார். தெற்கே காட்டுப்பள்ளிப் பக்கம் துறைமுகக் கிரேன்கள் வரிசையாகத் தெரிந்தன. முகத்துவாரம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். கையைக் காட்டினார். வெள்ளையாக ஒரு கோடு மட்டும் தெரிந்தது. அதற்கு மேல் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

எத்திராஜின் மனைவி கஸ்தூரிக்கு நாற்பது வயது இருக்கும். ஏழுமலை போனில் சொல்லி, கோதண்டம் முன்கூட்டியே தெரிவித்திருந்ததால் வாசலிலேயே நின்றிருந்தார். மூட்டையை வாங்கி வைத்தார், சொம்பில் தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"ஆயில் சொன்ன அண்ணன் நீங்கதானே?"

ஆமாம் என்று தலையாட்டினேன். இரண்டு திட்டுத் திட்டினால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் சுவரில் இருந்த சாமி பலகையைக் காட்டினார். அம்மன் படத்துக்கும் விளக்குக்கும் நடுவில் ஒரு ஐந்து லிட்டர் ஆயில் டப்பா. பதினைந்து நாற்பது. டீசல் இன்ஜினுக்கானது. டப்பாவின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. மூடியில் சீல் பிரிக்கப்படவில்லை.

"பாடு வர்ற அன்னிக்கு ஊத்தணும்னு வெச்சிருந்தாரு" என்றார்.

பாடு என்றால் என்ன என்று அவரே சொன்னார். ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊரார் சீட்டு எடுத்து முறை வைத்துக்கொள்கிறார்கள். அந்த முறைதான் பாடு. தன் பாடு வருகிற நாளில் ஏரியில் இறங்கலாம், மற்ற நாளில் கடல்தான். பாடு வரும் அன்று படகைக் கழுவி, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டித்தான் இறங்குவார்கள். தம்பி வெளிநாட்டிலிருந்து கேட்டுச் சொன்ன எண்ணெயை அப்படி ஒரு நாளில்தான் ஊற்றவேண்டும் என்று எத்திராஜ் முடிவு செய்துவிட்டார். சீட்டில் அவருக்கு ஆனி மாதம் விழுந்திருந்தது. அதற்கு நான்கு நாள் இருக்கும்போது போய்விட்டார்.

ஆக, என் எண்ணெயில் ஒரு சொட்டுகூட அந்த இன்ஜினுக்குள் போகவில்லை.

எனக்குள் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மார்பில் இருந்த கல் இறங்கியது. செத்தவர் படத்தில் மாலை தொங்குகிறது, பெண்டாட்டி எதிரில் நிற்கிறாள், எனக்கு அப்பாடா என்று இருந்தது. மடவைமீன் குழம்பும் எறா தொக்கும் போட்டார். பத்து மாதத்தில் முதல் முறையாக ருசி தெரிந்து சாப்பிட்டேன். இரண்டாவது தடவை சோறும் வாங்கிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

இருந்தாலும் தொழில் புத்தி விடவில்லை. மறுநாள் காலை கோதண்டம் வந்தார். எத்திராஜோடு பதினைந்து வருடம் ஒரே படகில் போனவர், குறைவாகப் பேசுகிறவர். அவருடைய கொட்டகையில்தான் அந்த இன்ஜின் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஸ்பானர் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

உள்ளே கடல் தண்ணீர் புகுந்து துருவேறிக் கிடந்தது. பக்க மூடியைக் கழற்றினோம். மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தேன். கனெக்டிங் ராடின் தலை நீலம் பாய்ந்திருந்தது. துரு அந்த நிறத்தைக் கொடுக்காது. எண்ணெய் இல்லாமல் வெந்த இரும்புக்குத்தான் அந்த நிறம் வரும்.

"எண்ணெய் எதுங்கறதே பிரச்சனை இல்லீங்க" என்றேன். "எண்ணெயே இல்லாம ஓடியிருக்குது. தேய்ஞ்ச இன்ஜின், குடிச்சுப் போட்டிருக்குது."

கோதண்டம் ஸ்பானரைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"தெரியும் சார். அன்னிக்குக் காலைல ஆயில் கேஜ் கம்பிய இஸ்துப் பாத்தது நான்தான். அடிக்கோட்டுக்கு வந்துட்ச்சு. அண்ணே, வூட்டாண்ட டப்பா கீதே, அதுல ஒரு டம்ளர் ஊத்திக்கலாம்னேன்."

"அப்புறம்?"

"வேணாம்னுட்டாரு. தம்பியோட ஃபோர்மேன் பழசோட கலக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்காருடா, நாலு நாள்ல பாடு வருது, அன்னிக்கு மொத்தமா வடிச்சுட்டு ஊத்திக்கலாம்னாரு. வேற ஆயிலு வாங்கணும்னா ஏரியத் தாண்டிக் கடைத்தெருவுக்குப் போவணும். விடிகாத்தால கடை ஏது. நாலு நாள் தாங்கும்னு போய்ட்டோம்."

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். முந்தின நாள் ஏதோ ஓர் ஆட்டோவுக்கு, பெயர் தெரியாத எண்ணெயை என் கையாலேயே கலந்து ஊற்றினேனே. எது வேணா பரவாயில்ல என்று சொன்னேனே. நடுரோட்டில் முன்பின் தெரியாத ஒருத்தருக்குச் சொல்லத் தெரிந்தது. ஏழுமலைக்குச் சொல்லவில்லை. கலக்காதே என்பது சரிதான், பட்டறையில் நாங்கள் எல்லோருக்கும் சொல்வதுதான். ஆனால் எங்கள் வாடிக்கைக்காரர்கள் அதைப் பாதி காதில் வாங்குவார்கள், குறைந்தால் கையில் கிடைத்ததை ஊற்றிவிட்டு என்னிடம் பொய் சொல்வார்கள். அப்படியே வார்த்தைக்கு வார்த்தை கேட்கிற ஒரு மனுஷன் இருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. குறைந்தால் எதையாவது ஊற்று என்று இன்னும் ஒரு வரி. கை கழுவப் போகிற அவசரத்தில் அதைச் சொல்லவில்லை. ஒரு டம்ளர் எண்ணெய்க்கு ஓர் உயிர் போயிருக்கிறது. நான் அங்கேயே அழுதேன். கோதண்டம் தார்ப்பாயை இழுத்து இன்ஜினை மூடினார்.

"ஏழுமலைகிட்ட இதைச் சொன்னீங்களா?"

"எப்டி சார் சொல்றது."

கஸ்தூரியிடம் சொல்லாமல் அந்த வீட்டில் இன்னொரு வேளை சாப்பிட முடியாது என்று தோன்றியது. அவர் வாசலில் கருவாடு பிரித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, நான் சொன்னது, சொல்லாமல் விட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். கருவாட்டைப் பிரிக்கிற கை நிற்கவில்லை.

"தெரியும்ணா" என்றார். "கோதண்டம் கேட்டதும் நான்தான் டப்பாவ எடுத்துனு போய்க் குடுத்தேன். வேணாம், எடுத்த எடத்துல வைன்னாரு. வெச்சேன். நான் பிரிச்சு ஊத்தியிருந்தா இன்னா பண்ணியிருப்பாரு? ரெண்டு வார்த்தை கத்தியிருப்பாரு."

அடுத்த கருவாட்டை எடுத்தார்.

"உங்களத் திட்டாம இல்லண்ணா. உங்களத் திட்டினேன், ஏழுமலையத் திட்டினேன், அந்த டப்பாவக்கூடத் திட்டினேன். அவரத் திட்ட வாய் வரல, அதான். இப்ப யாரையும் திட்டறதில்ல. தெம்பு இல்ல."

பிரித்த கருவாட்டை ஒரு முறத்தில் ஒதுக்கி வைத்தார்.

"ஏழுமலைய வரச் சொல்லுங்க. அண்ணன எடுக்கறதுக்கும் வரல. ஆனியில தெவசம், அதுக்காவது வரணும். கோதண்டத்தாண்ட மட்டும் போன் பேசுது, என்னாண்ட பேசறதில்ல. அந்த டப்பாவ வூட்ல வெச்சிக்கவும் முடியல, தூக்கிப் போடவும் முடியல. இன்ஜினைச் சரி பண்ணிட்டு ஏழுமலையே வந்து பிரிக்கட்டும்."

மூன்றாம் நாள் காலை கிளம்பினேன். கஸ்தூரி ஒரு கருவாட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். பழவேற்காட்டில் பஸ் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர் பொட்டலத்தை மோந்துவிட்டு, "மடவையா?" என்று மட்டும் கேட்டார். வழியில் அந்தப் பஞ்சர் கடை வந்தது. வாசலில் அதே தண்ணீர் பாட்டில். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பொன்னேரி ஸ்டேஷனில் ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. பிளாட்பாரத்துக் கடைசியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஏழுமலைக்குப் போன் செய்தேன். பட்டறைச் சத்தம் கேட்டது. கொஞ்சம் வெளியே வா என்றேன்.

"ஏழுமலை, டப்பாவைப் பிரிக்கவே இல்லடா. பொட்டு வெச்சு சாமி பலகையில இருக்குது. ஒரு சொட்டு உங்க அண்ணன் ஊத்தலை. நீ சொன்ன ஆயில் இல்ல அது."

அந்தப் பக்கம் அழுகிற சத்தம். பத்து மாதமாக அடக்கியதை எல்லாம் அழுதான். அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. நிறுத்தியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். மீதியையும் சொன்னேன். எண்ணெய் குறைந்தது, கோதண்டம் ஒரு டம்ளர் கேட்டது, பழசோடு கலக்கக் கூடாது என்று எத்திராஜ் மறுத்தது.

"கலக்காதேன்னு நான் சொன்னனே, அதுக்காகத்தாண்டா ஊத்தலை. குறைஞ்சா கலந்துக்கலாம்னு நான் சொல்லியிருக்கோணும். உன் மேல ஒண்ணுமில்ல. எல்லாம் என் வாய்."

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன்.

"அண்ணே" என்றான். "நீங்க சொன்னீங்கண்ணே. கொறஞ்சா மட்டும் கொஞ்சம் கலந்துக்கலாம், தப்பில்லன்னு அன்னிக்கே சொன்னீங்க. நான்தான் அத அண்ணனாண்ட சொல்ல மறந்துட்டேன்."

நான் சொல்லவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும். கலக்கவே கூடாது என்று சொல்லிவிட்டு எழுந்து போனவன் நான். இப்போதுதான் அவன் தலையிலிருந்து இறங்கிய பாரம் அது. அது என் தலைக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறான்.

"டேய், நான் சொல்லலைடா."

"சொன்னீங்கண்ணே."

எனக்குக் கண் மறைத்தது. பிளாட்பாரத்தில் இருந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு நாசூக்காகத் தள்ளிப் போய் நின்றார். கஸ்தூரி சொன்னதைச் சொன்னேன். ஆனியில் தெவசம், டப்பா உனக்காகத்தான் இருக்கிறது, நீதான் வந்து பிரிக்க வேண்டுமாம் என்றேன்.

"அண்ணியா சொன்னாங்க?"

"அண்ணிதான்."

"வரேண்ணே" என்றான். "வந்து நானே ஊத்தறேன்."

தூரத்தில் ரயில் வருவது தெரிந்தது. கருவாட்டுப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். போனை வைக்க மனம் வரவில்லை.

"ஏழுமலை, குறைஞ்சா எதை வேணும்னாலும் கலந்து ஊத்தலாம்டா. வறண்டு மட்டும் ஓடக் கூடாது. கேட்டுக்கிட்டியா?"

"தெரியும்ணே" என்றான். "அன்னிக்கே சொன்னீங்களே."